கழுத்துக்குள் நான்கு பருப்பு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நின்று பாருங்கள். எழுபதைத் தாண்டிய பாட்டிகள் வெறுங்காலோடு 14 கிலோமீட்டரையும் நடந்து முடிக்கிறார்கள். எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் தசை சுருங்க வேண்டும். அதற்குக் கால்சியம் வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம். இதற்குக் கீழே இறங்கினால் விரல்கள் மரத்துப்போகும், தசை இழுத்துப் பிடிக்கும்.

இந்த அளவு பிசகாமல் காப்பவை தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலோருக்கு நான்கு. நிறத்திலும் அளவிலும் துவரம்பருப்பு மாதிரி; ஒன்றின் எடை 30, 40 மில்லிகிராம்தான். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் இந்தச் சுரப்பியை முதலில் குறித்துவைத்தார். மனித உடலில் இருப்பதை ஸ்வீடனின் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880-இல் விரிவாக எழுதினார்.

குழந்தையின் பாராதைராய்டை நுண்ணோக்கியில் வைத்தால் முதன்மைச் செல்கள் மட்டுமே நெருக்கியடித்துத் தெரியும். பி.டி.எச். என்கிற ஹார்மோனைச் சுரப்பவை இவையே. பருவ வயதை ஒட்டி இடையிடையே கொழுப்புச் செல்கள் தலைகாட்டி, நடுவயதுவரை கூடிக்கொண்டே போகும். ஒல்லியானவருக்குக் குறைவு, பருத்தவருக்கு அதிகம். ஏறக்குறைய அதே பருவத்தில் ஆக்சிஃபில் செல்களும் வருகின்றன. உருவில் பெரியவை, உள்ளே மைட்டோகாண்ட்ரியா திணித்து வைத்ததுபோல் நிறைந்திருப்பதால், சாயமேற்றினால் இளஞ்சிவப்பாக மின்னும். வயது ஏற ஏற அவை கூட்டம் கூட்டமாகத் திரளும். இத்தனை ஆற்றல் உலைகளை வைத்துக்கொண்டு அவை என்னதான் செய்கின்றன என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு இந்தச் சுரப்பியில் மிகவும் பிடித்த புதிர் இதுதான்.

கொழுப்பு சேர்ந்துவிட்டதால் சுரப்பி ஓய்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முதுமையில் ரத்தத்தில் பி.டி.எச். கூடத்தான் செய்கிறது. சிறுநீரகம் தளர்கிறது, வைட்டமின் டி குறைகிறது, குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்டச் சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்குகிறது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் இருக்கும் களஞ்சியம் அதுதானே. அதனால்தான் வயதானவர்களுக்குக் கேழ்வரகுக் களியோடு வெயிலும் வேண்டும் என்கிறேன். கிரிவல நிலவில் வைட்டமின் டி ஊறாது. பகல் வெயில் தோலில் பட வேண்டும்.

சிலருக்கு நான்கில் ஒன்றில் கட்டி வளர்ந்து, தேவையில்லாமலே ஹார்மோனைக் கொட்டும். ஐம்பதைக் கடந்த பெண்களிடம் இது அதிகம். திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல், தீராத எலும்பு வலி என்று அலைகிறவர்கள் ரத்தத்தில் கால்சியம் பார்த்துக்கொள்வது நல்லது. அறுவையில் எடுத்த சுரப்பியை ஆராயும் நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் தேடுவது கொழுப்பைத்தான். கட்டிக்குள் அது அநேகமாக இருக்காது. பல நேரங்களில் ஓரத்தில் மட்டும், கொழுப்புச் செல்கள் கலந்த மெல்லிய கீற்றாகப் பழைய சுரப்பி ஒதுங்கிக் கிடக்கும்.