குப்பைக் கணக்கும் ஆலைக் கணக்கும்

தரவு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு பயபக்தி வந்துவிடுகிறது. எண் பொய் சொல்லாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் எதை எண்ணுவது என்று யாரோ தீர்மானித்த பிறகுதான் எண் வாயைத் திறக்கிறது. அந்தத் தீர்மானத்தில் அதிகாரம் இருக்கிறது.

2015இல் ஜென்னா ஜாம்பெக்கும் சக ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2010இல் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன் வரை இருக்கும் என்றது அது. உலகத்தை உலுக்கிய ஆய்வு. ஆனால் அது நாடுகளை வரிசைப்படுத்தியது 'சரியாகக் கையாளப்படாத குப்பை'யை வைத்து. இந்த அடைமொழிக்குள்ளேயே ஒரு கதையாடல் ஒளிந்திருக்கிறது: தப்பு கையாண்டவனுடையது, செய்து விற்றவன் வெளியே நிற்கிறான். சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், இலங்கை என்று வரிசை போனது. அமெரிக்காவுக்கு 20ஆம் இடம். மறுசுழற்சி என்ற பெயரில் அது கப்பலேற்றி அனுப்பிய குப்பை அதன் கணக்கில் வரவில்லை.

2020இல் காரா லாவெண்டர் லா தலைமையிலான குழு (ஜாம்பெக்கும் அதில் உண்டு) 2016ஆம் ஆண்டுத் தரவுகளை எடுத்து, ஏற்றுமதியையும் சேர்த்து எண்ணியது. உலகிலேயே அதிகமாகப் பிளாஸ்டிக் குப்பையை உண்டாக்கும் நாடு அமெரிக்கா என்று தெரிந்தது: 4.2 கோடி டன், ஆளுக்கு 130 கிலோ. இந்தியாவில் ஆளுக்குச் சுமார் 20 கிலோ. கடல் அதே கடல்தான். கோட்டை நகர்த்தியதும் குற்றவாளி மாறிவிட்டார்.

உலக ஒப்பந்தமும் இந்தக் கோட்டில்தான் சிக்கியது. 2022 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக்கின் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் உள்ளடக்கிய, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று தீர்மானித்தது. முழுச் சுழற்சி என்றால் ஆலையும் உள்ளே வந்தாக வேண்டும். எண்ணெய் நாடுகளோ குப்பை மேலாண்மையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றன. 2024 இறுதியில் பூசானில் 100க்கும் மேற்பட்ட நாடுகள் உற்பத்திக் குறைப்புக்கு இலக்கு கேட்டும் நடக்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடில்லாமல் கலைந்தார்கள்.

இன்னும் தரவு வரட்டும் என்பது நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை, ஓசோன் துளையின் காரணம் முழுதாக நிரூபணமாகும் முன்பே கையெழுத்தானது. வானத்தில் கசிவதை அளந்துகொண்டு உட்காரவில்லை. எவ்வளவு உற்பத்தி செய்தாய், எவ்வளவு வாங்கினாய், விற்றாய் என்று ஒவ்வொரு நாட்டிடமும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்டது. பிளாஸ்டிக்கிலோ உலக உற்பத்திப் புள்ளிவிவரத்துக்குப் பெரும்பாலும் தொழில்துறைச் சங்கங்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

அறிவியல் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கடற்கரையில் பை பொறுக்கி எண்ணுகிற தோழர்கள் ஆலையின் பேரேட்டையும் கேட்க வேண்டும். அதைத் திறக்க வைக்காத ஒப்பந்தம் வெறும் துப்புரவுத் திட்டம், அவ்வளவுதான்.