தொழிலைக் கற்றுக்கொடுத்தால் பிழைப்புப் போய்விடுமா?



பூனை புலிக்கு வித்தை கற்பித்த கதையை நாம் எல்லோரும் சிறு வயதிற் கேட்டிருக்கிறோம். பதுங்கவும் பாயவும் கற்றுக்கொடுத்த பூனை, மரம் ஏறும் வித்தையை மட்டும் மறைத்து வைத்தது. கற்று முடித்த புலி குருவின் மீதே பாய்ந்தபோது, மறைத்து வைத்த அந்த ஒரு வித்தையே பூனையின் உயிரைக் காத்தது. இக்கதையைச் சொல்லிச் சிரிக்கும் நம் பெரியவர்கள், அந்தச் சிரிப்புக்கிடையே ஒரு பாடத்தையும் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிறார்கள்: எவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தாலும் கடைசி வித்தையை உன் கையிலேயே வைத்துக்கொள்.

இப்பாடம் நம் பட்டறைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஓடாவியார் மரம் அறுக்கவும் இழைக்கவும் பையனை விடுவார். அளவு குறிக்கும் வேளையில் அவனை அப்புறப்படுத்திவிடுவார். தையல் அக்கா துணி வெட்டும்போது, பழக வந்த பிள்ளையைப் பொத்தான் தைக்க இருத்திவிடுவார். மோட்டார் சைக்கிள் திருத்துபவர் இயந்திரத்தைப் பிரிக்கும் நேரம் பார்த்துப் பையனைத் தேநீர் வாங்க அனுப்புவார். ஐந்தாறு ஆண்டுகள் கையாளாகவே நின்று, கடைசிவரை ஒரு தொழிலும் கைவராமல் திரும்பிய இளைஞர் நம் பங்குகளில் எத்தனை பேர்!

இதற்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது நியாயமன்று. ஒரு கிராமத்தில் ஆண்டொன்றுக்குக் கட்டப்படும் வீடுகள் சிலவே. அவற்றுக்குக் கதவு நிலை செய்யும் வேலையை நம்பி ஒருவர் குடும்பம் நடத்துகிறார், பிள்ளைகளைப் படிப்பிக்கிறார், கடன் கட்டுகிறார். தான் கற்றுக்கொடுத்த பையன் நாளை அதே ஒழுங்கையில் பட்டறை திறந்து, குறைந்த கூலிக்கு அதே வேலையை எடுத்தால் அவர் எங்கே போவார்? "சுவாமி, அடுத்தவனை நேசிக்கச் சொல்லுகிறீர்கள். என் சட்டியில் இருக்கும் சோற்றையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுகிறீர்களா?" என்று அவர் கேட்டால், அக்கேள்விக்கு நேர்மையான மறுமொழி சொல்லத் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது.

மறுமொழியைத் தேடித் திருவிவிலியத்தைத் திறப்போம். திருத்தூதர் பணிகள் 18 ஆம் அதிகாரத்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தைச் சந்திக்கிறோம். கணவர் அக்கிலா, மனைவி பிரிஸ்கில்லா. கிளவுதியு பேரரசர் யூதர் அனைவரையும் உரோமையை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்டதால், இருந்த இடத்தை விட்டுக் கொரிந்து நகருக்கு வந்தவர்கள். இடம்பெயர்ந்து, புதிய ஊரில் தொழிலை மீண்டும் தொடங்குவது எத்துணைக் கடினம் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர்களுடைய தொழில் கூடாரம் செய்வது. அவ்வேளையில் அதே ஊருக்கு இன்னொரு கூடாரத் தொழிலாளி வந்து சேருகிறார். அவர்தான் பவுல்.

நம் கணக்கின்படி பார்த்தால் பவுல் அவர்களுக்குப் போட்டியாளர். வேரூன்ற முயலும் குடும்பத்தின் வாசலில், அதே தொழில் தெரிந்த மற்றொருவர் வந்து நிற்கிறார். ஆனால் நடந்தது என்ன? ஒரே தொழிலைச் செய்பவர்கள் என்பதையே காரணமாகக் காட்டி, பவுல் அவர்களிடம் தங்கி வேலை செய்தார் என்று லூக்கா எழுதுகிறார். பிரிந்து நிற்பதற்கு நாம் சொல்லும் காரணத்தையே அவர்கள் சேர்ந்து வாழ்வதற்குக் காரணமாக்கிக்கொண்டார்கள்.

கதை அத்துடன் நிற்கவில்லை. பின்னர் எபேசு நகரில் அப்பொல்லோ என்னும் போதகரை இத்தம்பதியர் சந்திக்கிறார்கள். சொல்வன்மை மிக்கவர், மறைநூலில் வல்லவர், ஆயினும் அவருடைய அறிவில் ஒரு குறை இருந்தது. அவர்கள் அவரை அவையில் வைத்துக் குறை கூறவில்லை. தங்களுடன் அழைத்துச் சென்று, தெரியாதிருந்ததைத் திருத்தமாக விளக்கினார்கள். அப்பொல்லோ கொரிந்துக்குப் போனார்; அங்கே பெரும் பெயர் பெற்றார். பெயர் எவ்வளவு பெருகியதென்றால், "நான் பவுலைச் சார்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன்" என்று மக்கள் கட்சிகளாகப் பிரிந்தார்கள். பவுல் உழைத்து உருவாக்கிய சபையிலேயே அவருக்கு ஈடாக இன்னொருவர்!

பவுல் என்ன செய்தார்? தாம் நட்டதாகவும், அப்பொல்லோ நீர் பாய்ச்சியதாகவும், விளையச் செய்தவர் கடவுளே என்றும் எழுதினார். அதே திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் நாம் அடிக்கடி கவனியாது விட்டுவிடும் ஒரு செய்தியும் உண்டு. கொரிந்துக்கு மீண்டும் போகும்படி அப்பொல்லோவைப் பவுலே வற்புறுத்தினார் (1 கொரிந்தியர் 16:12). தம்மோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட ஒருவரை, அந்தப் பேச்சு நடக்கும் ஊருக்கே அனுப்ப முயன்ற மனம் அது. வேலை கடவுளுடையது என்று நம்பியவருக்கே இது கைகூடும்.

"அது நற்செய்திப் பணி, எங்கள் தொழில் வேறு" என்று சிலர் கூறலாம். அப்படியானால் விடுதலைப் பயண நூலைப் பாருங்கள். சந்திப்புக் கூடாரத்தை அமைக்கக் கடவுள் பெசலேல் என்னும் கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பொன், வெள்ளி, வெண்கல வேலையும், மணிகளைப் பதிக்கும் வேலையும், மரச் செதுக்கு வேலையும் செய்யும் ஞானத்தைக் கடவுளின் ஆவியே அவருக்கு அருளியதாக அந்நூல் கூறுகிறது. அதே இடத்தில், பெசலேலுக்கும் அவருடைய துணைவர் ஒகொலியாபுக்கும் பிறருக்குக் கற்பிக்கும் வரத்தையும் கடவுள் அளித்தார் என்று சொல்லப்படுகிறது (35:34). கைத்திறனைக் கொடுத்த ஆண்டவர், கற்பிக்கும் திறனையும் சேர்த்தே கொடுத்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் பூட்டிவைப்பது, கொடையில் பாதியைப் புதைத்து வைப்பதாகும்.

நாசரேத்தூரின் பட்டறையையும் எண்ணிப் பாருங்கள். மத்தேயு நற்செய்தியில் ஊரார் ஆண்டவரைத் தச்சருடைய மகன் என்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் அவரையே தச்சர் என்கிறார்கள். தச்சரின் மகன் தச்சராவதற்கு இடையே எத்தனை நாட்கள், எத்தனை திருத்தங்கள், எத்தனை பொறுமை! உலகைப் படைத்த வார்த்தையானவர், உளியை எப்படிப் பிடிப்பது என்பதை ஒரு மனிதரிடம் கற்றுக்கொள்ளத் திருவுளமானார். புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்லேனும் நற்செய்தியில் பதிவாகவில்லை. அவர் கற்றுக்கொடுத்த தொழில் மட்டும் மகனின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது.

திருச்சபையின் சமூகப் போதனையும் இதை வேறு கோணத்தில் விளக்குகிறது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1991 ஆம் ஆண்டு மே 1 ஆம் திகதி வெளியிட்ட 'நூறாவது ஆண்டு' என்னும் சுற்றுமடலில், நம் காலத்தில் அறிவும் தொழில்நுட்பமும் திறமையும் நிலத்துக்கு நிகரான ஒருவகை உடைமையாகிவிட்டன என்று குறிப்பிட்டார். இதிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் பெறலாம். முதலாவது, கைத்திறன் உண்மையான சொத்து. அதை உழைத்துச் சேர்த்தவருக்கு அதன்மேல் உரிமை உண்டு. ஆகவே கற்றுக்கொடுப்பதற்கு நியாயமான நிபந்தனைகளை அவர் விதிக்கலாம். இரண்டாவது, எந்தச் சொத்தும் அதன் உரிமையாளருக்காக மட்டும் இருப்பதில்லை. பூமியின் பொருட்கள் அனைவருக்கும் உரியவை என்னும் விதி கைத்திறனுக்கும் பொருந்தும். மேலும், எவரும் தம் தொழிலைத் தாமே கண்டுபிடிக்கவில்லை. நமக்கு ஒருவர் கற்றுத் தந்தார். அவருக்கு வேறொருவர் கற்றுத் தந்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காணவேண்டும். ஒருவரைத் தொழில் பழகச் சேர்ப்பதா, இல்லையா என்பது அன்பின் பாற்பட்ட முடிவு. வருகிற எல்லோரையும் சேர்க்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தம் குடும்பத்துக்குரிய உணவைத் தேடுவது தந்தையின் முதற் கடமை. ஆனால் "தொழில் பழக்குகிறேன்" என்று சொல்லி ஒரு பிள்ளையைச் சேர்த்து, அவனுடைய உழைப்பைக் குறைந்த கூலிக்குப் பெற்றுக்கொண்டு, தொழிலை மட்டும் மறைப்பது நீதியை மீறும் செயல். அங்கே அவனுடைய இளமையின் சில ஆண்டுகள் பறிக்கப்படுகின்றன. கூலி கொடாது பிடித்துவைக்கப்பட்டவர்களின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிப்பதை நாம் மறக்கலாகாது.

மறைக்கப்பட்ட வித்தை மூன்றாமவரையும் தாக்கும். கொங்கிறீற் போட்டபின் குறைந்தது 7 நாட்களாவது அதை ஈரமாக வைத்திருக்கவேண்டும் என்பதைக் கையாளுக்கு விளக்காத மேசனால், நாளை வேறொரு குடும்பத்தின் தட்டு வெடிக்கும். புவித்தொடுப்பு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடாத மின்வேலைக்காரரால் யாரோ ஒருவரின் பிள்ளைக்கு ஆபத்து நேரலாம். அரைகுறையாகக் கற்றவன் எப்படியும் ஒருநாள் தனியாக வேலை எடுக்கத்தான் போகிறான். அவன் நன்றாகக் கற்றவனாக இருப்பதே ஊருக்குப் பாதுகாப்பு.

புலி பாய்ந்துவிட்டால்? ஆம், சில வேளைகளில் பாய்வதும் உண்டு. ஆகையாற்றான் கற்பவருக்கும் கடமைகள் உண்டு என்பதை இளைஞரிடம் சொல்லவேண்டும். ஆசானின் பட்டறையில் இருந்துகொண்டே அவருடைய வாடிக்கையாளரை இரகசியமாகத் தன் பக்கம் இழுப்பதும், மட்டமான பொருளைப் போட்டு விலையைக் குறைப்பதும், அவரைப் பற்றித் தாழ்வாகப் பேசுவதும் கிறிஸ்தவனுக்கு அழகல்ல. திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, சரிவரச் செய்யாத வேலையை ஏழாம் கட்டளையின் கீழேயே கண்டிக்கிறது (2409).

இவ்விரு தரப்பாரின் கடமைகளையும் காகிதத்தில் எழுதிவைத்த புனிதர் ஒருவர் உண்டு. இத்தாலியின் தூரின் நகரில் புனித டொன் பொஸ்கோ, தம் பராமரிப்பில் இருந்த பையன்களை வேலைக்கு அனுப்பியபோது வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிடவில்லை. 1852 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஒரு தச்சரோடு முத்திரைத் தாளில் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் பேசப்படுகிறது. ஆசான் தொழிலை முறையாகக் கற்பிக்கவேண்டும். பையனைத் தொழிலுக்குப் புறம்பான வேலைக்கு ஏவக்கூடாது. தவறினால் சொல்லால் திருத்தவேண்டும், அடிக்கக்கூடாது. திருநாட்களில் ஓய்வு தரவேண்டும். பையனும் கீழ்ப்படிந்து, கருத்தோடு உழைக்கவேண்டும். ஆசானும் பையனும் மட்டுமன்றி டொன் பொஸ்கோவும் அதில் ஒப்பமிட்டார். அடுத்த ஆண்டிலேயே அவர் சப்பாத்துத் தைக்கவும் உடை தைக்கவும் சொந்தப் பட்டறைகளைத் தொடங்கினார். அவர் வழிவந்த சலேசியர்கள் நம் நாட்டிலும் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி அளித்து வருகிறார்கள்.

அந்த வழியை நாமும் பின்பற்றலாம். சேர்க்கும்போதே எத்தனை மாதம், என்ன கூலி, என்னென்ன கற்பிக்கப்படும் என்பதைப் பெற்றோர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். பழகி முடித்தபின் எங்கே தொழில் தொடங்குவது என்பதையும் வெளிப்படையாகப் பேசுங்கள். பேசாதுவிட்ட விடயமே பின்னாளில் பகையாகிறது. ஓடாவியார் ஒருவர் கதவு நிலைகளைத் தாம் வைத்துக்கொண்டு, தளபாட வேலையில் சீடனை ஊக்குவிக்கலாம். தம்மால் ஏற்க முடியாத வேலையை அவனிடம் அனுப்பலாம். பெரிய வேலையை இருவரும் சேர்ந்து எடுக்கலாம். அனுபவமே படிப்பாகக் கொண்டவர்கள் தம் திறனை மதிப்பீட்டுக்கு உட்படுத்தித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் நம் நாட்டில் உண்டு. அத்தகைமையோடு கற்பிப்பவருக்கு மதிப்பும் உயரும்.

வேலை ஒரு சிறிய அப்பம். ஒருவன் எடுத்தால் மற்றவனுக்குக் குறையும் என்று எண்ணுகிறோம். எப்போதும் அப்படியன்று. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின், இந்திய உதவித் திட்டத்தின் கீழ் மட்டும் 50,000 வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை வடக்குக் கிழக்குக்கு உரியவை. பணம் கையில் இருந்தும், மேசனுக்கும் தச்சருக்கும் காத்திருந்த குடும்பங்களை நாம் அறிவோம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் தொழில் தெரிந்த பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, இருப்பவர்கள் கற்றுக்கொடுத்தாக வேண்டும். இறைக்கிற கிணறே ஊறும் என்பது நம் முன்னோர் தம் தோட்டங்களிற் கண்டறிந்த உண்மை.

தொழில் தெரிந்த தந்தையரே, தாய்மாரே, ஒருநாள் உங்கள் கண் மங்கும், கை நடுங்கும். அப்போது நீங்கள் மறைத்து வைத்த வித்தை உங்களோடு கல்லறைக்கு வரும். அங்கே அது எவருக்கும் பயன்படாது. நீங்கள் கற்றுக்கொடுத்த வித்தையோ, ஊரில் ஏதோ ஒரு வீட்டின் கதவாக, ஒரு மணப்பெண்ணின் உடையாக, ஓர் ஏழையின் அடுப்பில் எரியும் நெருப்பாக வாழும். "இதை எனக்கு இன்னார் பழக்கினார்" என்று ஒருவர் சொல்லும்போது, அவ்வாயில் உங்கள் பெயர் இருக்கும்.

மே 1 ஆம் திகதியை உழைப்பாளரான புனித சூசையப்பரின் விழாவாகத் திருத்தந்தை 12 ஆம் பத்திநாதர் 1955 ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். அவ்விழா வரும்வரை காத்திராமல், இந்த வாரமே உங்கள் பட்டறையில் நிற்கும் பிள்ளையை அருகே அழையுங்கள். இதுவரை காட்டாத ஒன்றைக் காட்டிக்கொடுங்கள். நாளை என்ன உண்போம் என்ற கவலையை, வானத்துப் பறவைகளுக்கு உணவளிக்கும் தந்தையிடம் ஒப்படையுங்கள். நாசரேத்தூர்த் தச்சர் உங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.