தட்டுக் கழுவும் மாணவர்கள்! பள்ளிக்குக் கிடைத்தது 12 கோடி டாலர்!

சாப்பாடு முடிந்தது. மாணவ - மாணவிகள் எழுந்தார்கள். சிலர் வகுப்புக்குப் போனார்கள். சிலர் சமையல் கட்டுக்குப் போனார்கள். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, தட்டுக் கழுவத் தொடங்கினார்கள்!

இது அனாதை விடுதி அல்ல. அமெரிக்காவில் உள்ள ஒரு பள்ளிக்கூடம்.

அதன் பெயர் ஜார்ஜ் பள்ளிக்கூடம். பென்சில்வேனியா மாநிலத்தில், நியூட்டவுன் என்ற ஊரில் இருக்கிறது. 1893-ம் ஆண்டில் தொடங்கியது. ஜான் ஜார்ஜ் என்பவர் எழுதி வைத்த சொத்தைக் கொண்டு இதை ஏற்படுத்தினார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிறார்கள்.

மௌனமே பிரார்த்தனை

இதை நடத்துவோர் குவேக்கர்கள். கிறிஸ்தவ மதத்தில் அது ஒரு பிரிவு. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் தொடங்கினார். எளிமை, உண்மை, சமாதானம், சமத்துவம் ஆகியவை அவர்களுடைய கொள்கைகள். 1947-ம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு, குவேக்கர்களின் இரண்டு சங்கங்களுக்குக் கிடைத்தது.

பள்ளியில் ஒரு பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. 1812-ம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் கட்டியது. 1970-களில் அதைப் பிரித்து எடுத்து வந்து, இங்கே திரும்பக் கட்டினார்கள்.

அங்கே பிரசங்கம் கிடையாது. எல்லாரும் பெஞ்சுகளில் பேசாமல் உட்காருவார்கள். மனதில் ஏதாவது தோன்றினால், எழுந்து சொல்லலாம். ஆசிரியரும் சொல்லலாம், சின்னப் பையனும் சொல்லலாம். இருவர் பேச்சுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

அங்கி இல்லாத விழா

குவேக்கர் பள்ளிகள் பலவற்றில், படிப்பு முடிந்து விடைபெறும் விழாவும் இப்படித்தான். கறுப்பு அங்கி இல்லை, தொப்பி இல்லை. "முதல் மார்க் வாங்கியவர் யார்?" என்று மேடை ஏற்றுவதும் இல்லை. சற்று நேரம் மௌனம். பிறகு, பேச நினைப்பவர்கள் எழுந்து பேசுவார்கள். பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

மாணவி கொடுத்த கொடை

எளிமை சரி. பணத்துக்கு என்ன வழி?

இங்கே தங்கிப் படிக்கச் செலவு மிக அதிகம். சாதாரணக் குடும்பத்தால் கட்ட முடியாது. வசதி இல்லாத பிள்ளைகள் உள்ளே வரவேண்டுமானால் உபகாரச் சம்பளம் வேண்டும். அதற்குக் கை கொடுப்பவர்கள் பழைய மாணவர்கள்.

அவர்களில் ஒருவர் பார்பரா டாட் ஆண்டர்சன். 1950-ம் ஆண்டில் இங்கே படிப்பை முடித்தவர். 2007-ம் ஆண்டில் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். பள்ளிக்கு 12 கோடியே 85 லட்சம் டாலர் நன்கொடை! அன்றைய மதிப்பில் ரூ.500 கோடிக்கு மேல். 20 ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கிடைக்கும்படி ஏற்பாடு. கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள்.

இவ்வளவு பணம் ஏது?

பார்பராவின் தந்தை டேவிட் டாட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரிடம் படித்த ஒரு மாணவர் பின்னாளில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவர் பெயர் பெறாத இளைஞர். மாணவரை நம்பி ஆசிரியர் பணம் போட்டார். அந்த மாணவர்தான் வாரன் பபெட். உலகக் கோடீசுவரர்களில் ஒருவர்!

ஆசிரியர், மாணவரை நம்பிப் போட்ட பணம் பெருகியது. அது மகள் கையால் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

பணம் வந்தது. தட்டுக் கழுவும் வேலை நின்றதா? இல்லை. முழுப் பணம் கட்டிய பிள்ளையும், உபகாரச் சம்பளத்தில் படிக்கும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவுகிறார்கள்.

"நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று தட்டு கேட்பதில்லை.