உப்புநீரைத் தாங்கும் பைபர் பெட்ரோலில் இளகுவது ஏன்?

போலகத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “எங்க போட்டு வருஷக்கணக்கா உப்புத் தண்ணியில கிடக்கு சார். அதே ரெசின்ல ஒட்டுன அண்ணன் பைக் டேங்க் மட்டும் ஏன் இளகுது?” பழைய பைக்கில் பொருத்திய பைபர் டேங்கின் விரிசலைப் படகு ரெசினால் அடைத்திருக்கிறார்கள். சில மாதங்களில் ஒட்டு பிசுபிசுத்து, கார்புரேட்டரில் பிசின் படிந்துவிட்டது.

கண்ணாடி இழைக்குக் கேடில்லை. இழைகளைப் பிடித்திருக்கும் பாலியஸ்டர் ரெசின்தான் இளகுகிறது. பெட்ரோலில் கலந்த எத்தனாலின் சிறு மூலக்கூறுகள் அதற்குள் புகுந்து உப்பவைக்கின்றன. நம் நாட்டில் 2023 முதல் 20 விழுக்காட்டுக் கலவை விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 10 விழுக்காட்டுக்கே பழைய உல்லாசப் படகுகளின் பைபர் தொட்டிகள் கெட்டன. டீசல் படகுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதை ஆய்வகத்தில் காட்டலாம். ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் தீ கூடாது. மூடியுள்ள அளவு உருளையில் 50 மி.லி. பெட்ரோலும் 50 மி.லி. நீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் நீரோடு சேர்ந்து கீழடுக்கு 60 மி.லி.யை நெருங்கும்.

பழுதுபார்ப்பதென்றால் டேங்கை வடித்து, சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். காலி டேங்க்தானே என்று அலட்சியம் கூடாது. உள்ளே நிற்கும் ஆவிதான் தீப்பற்றும். பிறகு இளகியதைச் சுரண்டிவிட்டு, எத்தனாலைத் தாங்கும் எபாக்சியை உட்புறம் முழுவதும் பூச வேண்டும். விரிசலை மட்டும் அடைத்தால் மற்ற இடம் இளகும். சுவரே மெத்தென்றாகிவிட்டால் பூச்சும் நிற்காது. அவன் அண்ணனுக்கு இரும்பு டேங்க் வாங்கச் சொல்லி அனுப்பினேன்.