180 கோடி விண்மீன்களிடம் ஒரு கேள்வி

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025 ஜனவரி வரை வானத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. 2022-இல் வெளியான அதன் மூன்றாம் தரவுத் தொகுப்பில் மட்டும் சுமார் 180 கோடி வான்பொருள்கள். அத்தனையையும் வீட்டுக் கணினியில் இறக்கித் தேடுவது ஆகிற காரியமில்லை, தேவையும் இல்லை. மாட்ரிட் அருகே இருக்கும் கையா காப்பகத்துக்குக் கேள்வியை அனுப்பினால், அங்கேயே தேடி விடையை மட்டும் தரும். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, காசும் இல்லை.

கேள்விக்கான மொழி ஏடிக்யூஎல். எஸ்க்யூஎல் தெரிந்தவருக்குச் சட்டென்று பிடிபடும். வானில் ஒரு புள்ளியைச் சுற்றி இத்தனை பாகைக்குள் இருப்பவற்றைக் கேட்கும் வசதி அதில் கூடுதல். கேள்வியை நாமே இணைய முகவரியில் பொதிந்து அனுப்பி, வருகிற கோப்பைப் பிரித்துப் படிக்கலாம்தான். ஒருமுறை செய்து பார்த்தால் மறுமுறை மனம் வராது. பைத்தானுக்கான ஆஸ்ட்ரோக்வெரி நூலகம் அந்த எடுபிடி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கேள்வியை எழுதி 'லாஞ்ச் ஜாப்' கட்டளையிடம் கொடுத்தால் விடை அட்டவணையாகவே வந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். சூரியனிலிருந்து 100 பார்செக், அதாவது 326 ஒளியாண்டுக்குள் உள்ள விண்மீன்கள் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். விண்மீன் அருகே இருந்தால் அதன் இடமாறு கோணம் பெரிதாக இருக்கும்; எனவே அந்தக் கோணம் 10 மில்லி விகலைக்கு மேல் என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்டவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. விடையில் வருவதோ சரியாக 2000. பிழை என்று நிரல் நின்றுவிடாது; அட்டவணையும் பார்க்க முழுசாகவே இருக்கும். உடனுக்குடன் விடை தரும் 'லாஞ்ச் ஜாப்' கட்டளைக்கு 2000 வரிசைதான் உச்சவரம்பு. ஒரு புள்ளியைச் சுற்றித் தேட நூலகத்தில் தயாராக இருக்கும் கட்டளையோ, நாம் மாற்றாத வரை 50-லேயே நின்றுவிடும். அந்த 50-ஐ வைத்து வரைபடம் போட்டு முடிவும் எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

பெரிய கேள்விகளுக்கு 'லாஞ்ச் ஜாப் அசிங்க்' என்ற கட்டளை இருக்கிறது. கேள்வி காப்பகத்தில் வரிசையில் நின்று, முடிந்ததும் விடை வரும். கொஞ்சம் பொறுமை வேண்டும். அட்டவணையில் 150-க்கும் மேற்பட்ட நெடுவரிசைகள் இருப்பதால், எல்லாவற்றையும் அள்ளாமல் வேண்டிய நாலைந்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். அதற்கும் முன், எத்தனை வரிசை தேறும் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிடுங்கள். பிறகு கைக்கு வந்தது 2000 என்றோ 50 என்றோ இருந்தால், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.