லயத்து வானொலியும் மின்வழங்கலும்: வெப்பக் கோளாறு பற்றிய ஒரு விளக்கம்

மலையகத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றை ஆராய முற்படும் எவரும் வானொலிப் பெட்டியைப் புறக்கணித்தல் இயலாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு, தமது தலைவிதியை நிர்ணயித்த 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் முதலானவற்றைப் பற்றிய செய்தி, பத்திரிகை எட்டாத இடங்களில் ஒலி வடிவிலேயே வந்து சேர்ந்தது. ஆயினும், ஒலிபரப்பின் உள்ளடக்கத்தை ஆராய்வோர் பெட்டியின் பின்புறத்தைப் பார்ப்பதில்லை. அதனைத் தொட்டால் கை சுடும். அச்சூடு எங்கிருந்து வருகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். இலக்கிய மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வாசகனை ஆராயும்போது விளக்கெண்ணெயின் விலையையும் கணக்கிற் கொள்வோமானால், நேயரை ஆராயும்போது மின்சாரத்தைக் கணக்கிற் கொள்ளாதிருப்பது எங்ஙனம்?

முதலில் மின்சாரத்தின் புவியியல். மலைநாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்த வேண்டுமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் வாதிட்டார். அக்கனவின் முதற்கட்டம் 1950இல் லக்ஷபானையில் 25 மெகாவாற்று நிலையமாக நிறைவேறியது. காசல்ரீயும் மவுசாக்கலையும் பின்னர் தேக்கப்பட்டன. 2012இல் தலவாக்கலையிலே அணை கட்டி, 150 மெகாவாற்று வலுவுள்ள மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கியது. திம்புள்ளப் பகுதி இந்நிலையங்களுக்கு நடுவே கிடக்கின்றது. தோட்டத்து ஓடையில் சிறு நீர்ச்சுழலி பொருத்தித் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் ஒளி தந்த காலமும் உண்டு. லயத்துக்கு அவ்வொளி வரவில்லை. நாட்டுக்கு மின்சாரம் இறங்கிச் சென்ற மலையிலேயே, லயத்துக் காம்பராக்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன.

ஆகவே பழைய பெட்டிகளின் வெப்பக் கோளாறு இரு வர்க்கத்தது எனலாம். பங்களாவில் இருந்தது வால்வுப் பெட்டி. வால்வு சூடாவது இயல்பே. அளவு கடந்து சூடாவதுதான் கோளாறு. பெரும்பாலும் குற்றவாளி, ஒலிவலு தரும் கடைசி வால்வின் நெய்யரிக்கு முன்னால் நிற்கும் சிறு கொள்ளளவி. ஈரமும் முதுமையும் சேர்ந்து அதனுள் மின் கசியத் தொடங்கினால் நெய்யரி நேரேற்றம் பெறும், வால்வு கட்டுக்கடங்காத மின்னோட்டத்தை இழுக்கும், நிலைமாற்றி கொதிக்கும். வால்வைப் புதிதாக வாங்கிப் போட்டவர் அதனையும் இழப்பார். மாற்ற வேண்டியது வால்வையன்று, கொள்ளளவியை. லயத்தில் பின்னர் ஒலித்ததோ உலர்மின்கலத்தில் இயங்கிய திரான்சிற்றர் பெட்டி. அங்கே வெப்பம் பிரச்சினையன்று, பசியே பிரச்சினை. தீர்ந்த மின்கலத்தை வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்துச் சிறிது நேரம் உயிர்ப்பித்தது பலருக்கு நினைவிருக்கும். சூட்டினால் மின்கலத்தினுள் இரசாயனத் தாக்கம் சற்று விரைவுபடுகின்றது; புதிய வலு எதுவும் பிறப்பதில்லை.

இன்று கம்பி வந்துவிட்டது. கோளாறு வேறு வடிவம் எடுத்துள்ளது. திம்புள்ளப் பகுதி லயமொன்றில் இளைஞர் ஒருவர் அமைத்த வாங்கியை அண்மையில் பார்க்க வாய்த்தது. விரலளவான மென்பொருள் வானொலிக் கருவி, அதனை இயக்கும் சிறு கணினிப் பலகை, கூரையிலிருந்து கொய்யா மரத்துக்கு இழுத்த கம்பி. சிற்றலைகளைத் தேடுவது அவர் பொழுதுபோக்கு. கைத்தொலைபேசியின் மின்னேற்றி உமிழும் இரைச்சல் சிற்றலையை மூழ்கடிப்பதால், நிலைமாற்றி கொண்டு தாமே ஒரு மின்வழங்கியைக் கட்டியிருந்தார். கோளாறு இது: பகலில் பத்து நிமிடம் ஒலிக்கும், பின் ஊமையாகும், ஆறவிட்டால் மீண்டும் ஒலிக்கும். கருவி பழுதென்று கருதிப் புதியதொன்றுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஆறியதும் உயிர்க்கும் கோளாறு, பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஓர் உறுப்பின் செயல். அவர் பயன்படுத்திய 7805 என்னும் நிலைப்படுத்தி அத்தகையது. உட்சூடு எல்லை கடந்தால் தானே நின்றுவிடும். கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ற்று நிலைமாற்றியின் வெளியீட்டைச் சீராக்கிக் கொள்ளளவியில் தேக்கினால் சுமார் 15.5 வோல்ற்று கிடைக்கும். வாங்கிக்கு வேண்டியது 5 வோல்ற்று, அரை அம்பியர், அதாவது 2.5 வாற்று. எஞ்சிய 10.5 வோல்ற்றையும் நிலைப்படுத்தி வெப்பமாக்கியே தீரவேண்டும்: 5 வாற்றுக்குச் சற்று மேல். கருவி உண்பதைப் போல் இரு மடங்கு வீணாக எரிகின்றது. தகடு பொருத்தாத நிலைப்படுத்தி தாங்குவது ஏறத்தாழ 2 வாற்று மட்டுமே. போதாததற்குப் பெட்டி அடுப்படிச் சுவரில், துளையின்றி மூடப்பட்டிருந்தது.

ஏன் 12 வோல்ற்றைத் தெரிந்தீர்கள் என்று கேட்டேன். "சின்னது போட்டா பொழுதுபட்டதும் உம்முன்னு இரையும் சேர், அப்புறம் நின்னுரும்" என்றார். இவ்விடையிலேதான் விடயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. லயத்தின் காம்பராக்கள் பல ஒரே நீண்ட, மெல்லிய வயரிலிருந்து மின்பெறுகின்றன. ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 100 மீற்றர் ஓடினால், போக்கும் வரவுமாக 3.4 ஓம் தடை. கடைசியில் 1000 வாற்று மின்கேத்தல் ஒன்று கொதித்தால் 14 வோல்ற்று வயரிலேயே குறையும். மூன்று கேத்தல்கள் ஒருங்கே கொதித்தால் 37 வோல்ற்று. 230 என்பது 192 ஆகும். வேலை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பும் வாழ்க்கையில் இது தற்செயலன்று. கொழுந்து நிறுக்கும் நேரமே கேத்தல் கொதிக்கும் நேரத்தையும் நிர்ணயிக்கின்றது. அவ்வேளை தாக்குப்பிடிக்கவே இளைஞர் மிகையான நிலைமாற்றியைத் தெரிந்தார். மாலையின் பற்றாக்குறைக்குப் பகலின் சூடு விலையாயிற்று.

தீர்வு மலிவானது. 9 வோல்ற்று நிலைமாற்றி பகலில் சுமார் 11.3 வோல்ற்று தரும். வெப்பம் 3 வாற்றளவுக்கு இறங்கும். மாலையில் 192இல் 9.2 வோல்ற்றே கிடைக்கும். இங்கே தேக்கும் கொள்ளளவியின் பருமன் முக்கியமாகின்றது. 2200 மைக்குரோபரட்டாயின் அலையின் பள்ளம் 7 வோல்ற்றுக்குக் கீழே விழும். 7805க்கு 7க்குக் குறையலாகாது. குறைந்தால் அந்த இரைச்சல் கேட்கும். 4700ஆயின் பள்ளம் 8க்கு மேல் நிற்கும். அத்துடன் உள்ளங்கையளவு அலுமினியத் தகடு, பெட்டியின் அடியிலும் மேலும் துளைகள், அடுப்படியிலிருந்து இடமாற்றம். உருகி எரிந்துபோனால் அதைவிடப் பெரியதைப் போடுவது தற்கொலைக்கு ஒப்பானது என்பதையும் சொல்லிவைத்தேன். பழைய வால்வுப் பெட்டி திருத்துவோர் இன்னொன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: நிலைமாற்றியற்ற சில வகைகளின் உலோகச் சட்டம் நேரே மின்கம்பியுடன் தொடுப்புடையது, மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவி கையை உதறவைக்கும்.

இவ்வளவும் பெட்டிக்குள் செய்யக்கூடியவை. வயரைப் பற்றி அறிவுரை கூறுவது எனக்கு எளிதாக இல்லை. மூன்று கேத்தல் வேளையில் அவ்வயரில் 400 வாற்று எரிகின்றது. நிலைப்படுத்தியின் 5 வாற்று அதன்முன் எம்மாத்திரம்? ஊமையாகும் பெட்டி எவரையும் கொல்வதில்லை. கூரைக்குக் கீழே, விறகு அடுக்கிய மூலையினூடாகச் செல்லும் சுடும் வயர் அப்படிப்பட்டதன்று. தடித்த வயரும், காம்பராவுக்கொரு மின்மானியும், தனித் தொடுப்பும் வேண்டும். அதைப் போடுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பா, குடியிருப்பவரின் பொறுப்பா என்ற கேள்வி, லயம் யாருக்குரியது என்ற பழைய கேள்வியே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. காம்பராவின் உரிமை குடியிருப்பவரிடம் வரவில்லை. தமதல்லாத சுவரில் தமது செலவில் வயர் இழுக்க எவர் துணிவார்?

இளைஞர் நிலைமாற்றியை மாற்றிவிட்டார். அன்று மாலை ஏழு மணிக்கு மானி 190 காட்டிற்று, பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. புதுக் கருவிக்குச் சேர்த்த பணத்தில் வயர் வாங்கலாமா என்று பக்கத்துக் காம்பராக்காரரிடம் அவர் பேசிக்கொண்டிருக்கையில் நான் விடைபெற்றேன்.