கார் நிறுத்துமிடத்தில் சூரிய விளக்கு: வாட் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆலயம், சமூக மண்டபம், இரவுச் சந்தை, தாமான் ஓரத்துத் திடல் ஆகியவற்றை ஒட்டிய பொதுக் கார் நிறுத்துமிடங்களுக்குச் சூரிய சக்தி விளக்கு பொருத்துவதைப் பற்றி இன்று பேசுவோம். இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் கைப்பையை இறுகப் பிடித்தபடி காரை நோக்கி நடக்கும் இடம் அது. வழிப்பறித் திருடன் காத்திருப்பதும் அங்கேதான். திறப்பு விழா அன்று எந்த விளக்கும் எரியும். மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில், விடியற்காலை 4 மணிக்கு எரியுமா? அதுதான் கேள்வி.

வீட்டுக் கூரையில் பொருத்தி, தெனாகா நேஷனல் கம்பியோடு இணைக்கிறார்களே, அதைச் சொல்லவில்லை. இது எந்தக் கம்பியோடும் சேராமல் தனித்து நிற்பது. ஒவ்வொரு கம்பத்திலும் சூரியத் தகடு, மின்கலம், கட்டுப்பாட்டுக் கருவி, எல்.இ.டி. விளக்கு ஆகிய நான்கும் இருக்கும். பகலில் தகடு மின்கலத்தை நிரப்புகிறது. அந்தி சாய்ந்து தகட்டிலிருந்து வரும் மின்னழுத்தம் விழுந்ததும், இருட்டிவிட்டது என்று கருவி அறிந்து விளக்கை ஏற்றுகிறது. தாரைத் தோண்டிக் கேபிள் புதைக்கும் செலவு இல்லை. செம்புக் கேபிள் திருடுபவனுக்கும் அங்கே வேலையில்லை.

நில நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. லண்டனில் டிசம்பர் மாத இரவு 16 மணி நேரம் நீள்கிறது. நமக்கோ ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆனால் வெயில் அப்படிச் சீராக வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நாள் கணக்கில் மூட்டமாக இருக்கும். 2015, 2019 ஆம் ஆண்டுகளில் வந்ததைப் போன்ற புகைமூட்டமும் வெளிச்சத்தைக் குறைக்கும். ஆகவே கணக்கை நல்ல வெயில் நாளை வைத்துப் போடக்கூடாது.

கணக்கு கடினமல்ல. 30 வாட் விளக்கு 12 மணி நேரம் முழு ஒளியில் எரிந்தால் 360 வாட்-மணி செலவாகும். நள்ளிரவு வரை 5 மணி நேரம் முழு ஒளி, பிறகு 7 மணி நேரம் 30 விழுக்காடு என்று வைத்தால் 213 போதும். ஆள் நடமாட்டத்தை உணரும் கருவி இருந்தால், யாராவது வரும்போது மட்டும் ஒளி கூடும். மங்கலாக இருந்த விளக்கு சட்டென்று பிரகாசமானால் திருடனும் திடுக்கிடுவான்!

மழைக்காலத்தில் நாளொன்றுக்கு 3 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சமே கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பத்தாலும் தூசியாலும் போகும் 30 விழுக்காட்டைக் கழித்தால், அந்த 213-க்கு ஏறக்குறைய 100 வாட் தகடு வேண்டும். இரவு முழுதும் ஒரே ஒளி என்றால் 170 வாட் வேண்டியிருக்கும். தொடர்ந்து மூன்று இரவுகள் தாங்க 640 வாட்-மணி தேவை. மின்கலத்தை முழுக்க வற்றவிடக் கூடாது என்பதால் 800 வாட்-மணி கொண்டதாக வாங்க வேண்டும்.

இப்போது கடையில் '300 வாட்' என்று பெட்டியில் அச்சிட்டு மலிவாக விற்கும் விளக்கைப் பாருங்கள். அதன் தலையில் இருக்கும் தகடு ஏ4 தாள் அளவுதான். ஒரு சதுர மீட்டர் தகடே கொளுத்தும் வெயிலில் 200 வாட் அளவுதான் தரும். அப்படியானால் ஏ4 அளவுக்கு 12 வாட்! மீதி வாட் எங்கிருந்து வரும்?

விளக்கு முதலில் கெடுவது பெரும்பாலும் மின்கலத்தால்தான். காரில் இருப்பது போன்ற ஈய-அமில மின்கலம் விலை குறைவு. ஆனால் தினமும் ஆழமாக வற்றி நிரம்புவதை அது தாங்காது. 25 பாகைக்கு மேல் வெப்பம் 10 பாகை கூடினாலே அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் அதன் கதி என்ன ஆகும்? லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை விலை கூடுதல் என்றாலும் 2,000 தடவைக்கு மேல் நிரம்பி வற்றும். நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வரும். அதையும் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தால் களவு போய்விடும். கம்பத்தின் உச்சியில், தகட்டின் நிழலில், காற்று புகும்படி இருக்கட்டும்.

தகட்டை மட்டமாகப் படுக்க வைத்தால் தூசியும் தண்ணீரும் தேங்கும். 10 பாகையாவது சாய்த்தால் மழையே கழுவிவிடும். பறவை எச்சத்தை மட்டும் ஆள் ஏறித்தான் துடைக்க வேண்டும். கார்களுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் தகட்டுக்கு எதிரி. தகட்டின் அணுக்கள் தொடராக இணைக்கப்பட்டவை என்பதால், ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் போய், நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே கம்பத்தின் இடத்தைக் குறிக்க வேண்டும்.

மின்கம்பி பத்தடி தூரத்தில் ஓடுகிறது, தோண்டும் வேலையும் இல்லை என்றால் அதில் இணைப்பதே சிக்கனம் என்பது என் கருத்து. கம்பி எட்டாத இடத்துக்குத்தான் இந்த விளக்கு.

ஆலய நிர்வாகமோ குடியிருப்பாளர் சங்கமோ குத்தகையாளரிடம் விலை கேட்கும்போது, மின்கலத்தின் வகையும் வாட்-மணியும், எத்தனை மழை இரவுகள் தாங்கும் என்பதும், மின்கலத்துக்குத் தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மாற்ற வேண்டிய மின்கலத்துக்கான பணத்தை இப்போதே ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்கலாம். மாதம் ஒரு முறை இரவில் போய், எரியாத கம்பத்தின் எண்ணைக் குறித்துவர ஒருவரையும் நியமித்துவிடுங்கள்.